மேலறையில் கிடைத்த ஏடு

ஷத்ரா,
3 டிசம்பர் 1988

அன்புச் சகோதரி டோர்டிஸ் அவர்களுக்கு,

ஷாக்கிர் ஆசிரியரின் சலாம். உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் இறைவன் நலத்தைத் தரட்டும். வெளிநாட்டுக்குக் கடிதம் போட்டால் 'யாருக்கு, எதற்கு' என்று யாரும் கேட்காத நாள் வரட்டும் என்று எட்டு வருடம் காத்திருந்தேன். ஈரானோடு நடந்த போர் முடிந்து நான்கு மாதமாகிறது. இன்று துணிந்து எழுதுகிறேன்.

என்னை நினைவிருக்கும் என்று நம்புகிறேன். அபூ ரமாத் மேட்டில் உங்கள் ஆய்வு நிலையம் தோண்டிய நான்கு பருவமும், பள்ளிக்கூடம் விட்ட கையோடு மேட்டுக்கு வந்து, கிடைத்த பொருள்களுக்குச் சீட்டு எழுதியவன் நான். வேலையாட்கள் வாயால் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதிக் கட்டுவது என் பங்கு. அதைப் பதிவேட்டில் ஏற்றுவது உங்கள் பங்கு. உங்கள் பெயர் ஆட்களின் வாயில் நுழையாமல், உங்களை 'வர்தா' ஆக்கினார்கள். ரோஜா என்று நான் அர்த்தம் சொன்னதும் நீங்கள் சிவந்துபோனீர்கள். "பேரு பொருத்தமாயிடுச்சு பாரு!" என்று அறுபது பேரும் கத்தினார்கள்.

சென்ற ஜூனில் ஓய்வு பெற்றேன். முப்பத்தொரு வருடம் ஆங்கிலமும் அரபியும் சொல்லிக்கொடுத்தேன். இப்போது வீட்டில் இருக்கிறேன். "ஊருக்கெல்லாம் திருத்தம் சொன்ன வாய் இப்ப என் அடுப்படிக்கு வந்து சேர்ந்துருச்சு" என்று என் மனைவி உம்மு நவ்வார் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். என் தம்பி கத்பானின் ஒரே மகள் நிதால் பாக்தாத் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அபூ ரமாத் அகழாய்வின் இறுதித் தொகுதியை நீங்கள் அச்சுக்குத் தயார் செய்கிறீர்கள் என்று வகுப்பில் கேள்விப்பட்டு, விடுமுறைக்கு வந்த இடத்தில் சந்தோஷமாகச் சொன்னாள். அவள் அப்பன் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. நாங்கள் யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

உங்களுக்குத் தெரியும். மண்ணுக்குள் மண்சுவரைத் தேடிக் கண்டுபிடிப்பதில் அவனுக்கு ஈடு அந்த மேட்டில் இல்லை. பச்சைச் செங்கல் எது, வெறும் மண் எது என்று கொத்தனார் கரண்டியின் நுனி அவனுக்குச் சொல்லும். 1974 டிசம்பரில் அவன் ஒரு களிமண் ஏட்டை எடுத்தான். இரண்டு நாள் கழித்து, கிடைத்த இடத்தைப் பற்றிப் பொய் சொன்னான் என்று உங்கள் இயக்குநர் அத்தனை பேர் முன்னிலையில் அவனை அனுப்பிவிட்டார். நான் அன்று பள்ளியில் தேர்வு மேற்பார்வையில் இருந்தேன்; வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கத்பான் என்றால் கோபக்காரன் என்று பொருள். அவனைப் போலப் பெயருக்குப் பொருந்தாதவன் எங்கள் குடும்பத்தில் கிடையாது. கரண்டியைக் கழுவித் துடைத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தான். அதன் பிறகு எந்த அகழாய்விலும் அவனைச் சேர்க்கவில்லை. செங்கல் சூளைகளுக்குத் தண்ணீர் வண்டி ஓட்டுகிறான்.

அந்தக் குற்றச்சாட்டு உங்கள் புத்தகத்தில் வரும் என்று பயப்படுகிறான். அவன் மகள் அதைத் தேர்வுக்காகப் படிப்பாள். சகோதரி, அது வரக்கூடாது. நான் கேட்பது அவ்வளவுதான்.

உங்கள் சகோதரன்,
ஷாக்கிர் முத்லிக்

*

பெர்கன்,
19 ஜனவரி 1989

மதிப்பும் அன்பும் உள்ள ஷாக்கிர் ஆசிரியருக்கு,

உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும், பிரிக்காமலே யார் என்று தெரிந்துவிட்டது. என் அரபி துருப்பிடித்திருக்கிறது. பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்புங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

மறைக்காமல் சொல்கிறேன். கையெழுத்துப் பிரதியில் அந்த வரி இருக்கிறது. இயக்குநர் எழுதியது. அவர் இறந்து ஐந்து வருடமாகிறது. நான் அப்படியே வைத்திருக்கிறேன். "ஏடு 212 மேலடுக்கில் கிடைத்ததாகத் தொழிலாளி கத்பான் கூறினார். ஏட்டின் காலம் அந்த அடுக்கைவிட இருநூறு ஆண்டு முந்தையது. கண்டெடுத்தவருக்குத் தரப்படும் இனாமுக்காக வேறிடத்திலிருந்து கொண்டுவந்து வைக்கப்பட்டது."

உங்களுக்கு உதாரணம் பிடிக்கும். ரொட்டி சுட்டு அடுக்கும்போது கடைசியில் சுட்டது மேலே இருக்கும். மேட்டிலும் அப்படித்தான்: மேலடுக்கு பிந்தியது, கீழடுக்கு முந்தியது. அடியில் இருக்க வேண்டிய பழைய ரொட்டி எப்படி உச்சியில் வந்தது என்பதுதான் இயக்குநரின் கேள்வி. அவர் தன் அரைகுறை அரபியில் "மேலேயா?" என்று மூன்று முறை கேட்டார். உங்கள் தம்பி மூன்று முறையும் "மேலதான்" என்றார். நான் பதிவேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கத்பான் பொய் சொல்கிறவர் இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்கு இருபத்தாறு வயது, வந்து இரண்டாவது பருவம். வாய் திறக்கவில்லை.

ஆனாலும் ஆசிரியரே, நட்புக்காக ஒரு வரியை அழித்தால் மீதி நானூறு பக்கத்தை யார் நம்புவார்கள்? எனக்கு ஏதாவது ஆதாரம் வேண்டும். சரியாக எங்கே கிடைத்தது என்று அவரிடம் ஒருமுறை கேட்டு எழுதுங்கள். எங்கள் நிலையத்தின் நிலவறையில் மெசபடோமியா முழுவதும் அட்டைப்பெட்டிகளில் தூங்குகிறது. அந்தப் பருவத்தின் பெட்டிகளை நான் தேடுகிறேன்.

உம்மு நவ்வாரின் அடுப்படிக்கு என் அனுதாபங்கள்.

அன்புடன்,
டோர்டிஸ்

*

ஷத்ரா,
27 பிப்ரவரி 1989

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைத் திருப்பி இணைத்திருக்கிறேன். இரண்டே பிழை. தேர்ச்சி.

நீங்கள் சொன்னபடி கேட்டேன். தண்ணீர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தான். கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"தம்பி, அந்த ஏடு எங்க கிடைச்சுது?"

"எந்த ஏடு?"

"எத்தனை ஏட்டுக்கு உன்னைத் துரத்தினாங்க?"

"மேலறைல. தரைமேல, மூலைல, குப்புறக் கெடந்துச்சு. பதினாலு வருஷத்துல அந்த அறை எந்திரிச்சு வேற ஊருக்குப் போயிருக்கும்னு நெனச்சியா? அந்த ஸ்பேனரை எடு."

"வர்தா எழுதிக் கேட்டிருக்கா."

"இப்பவா கேக்குறா?" கை மட்டும் வெளியே நீண்டது. "ரோஜா இம்புட்டுத் தாமசமாவா பூக்கும்? இது ஸ்பேனர் இல்ல, இடுக்கி. வாத்தியாரு வாத்தியாருதான்."

சகோதரி, என் வகுப்பில் பொய் சொன்ன மாணவனை நான் கண்டுபிடிக்கும் வழி ஒன்று உண்டு. அதே கேள்வியை ஒரு மாதம் கழித்துக் கேட்பேன். பொய்யாக இருந்தால் பதில் கொஞ்சம் வளர்ந்திருக்கும், அல்லது ஒரு கால் ஒடிந்திருக்கும். என் தம்பியின் பதில் பதினான்கு வருடத்தில் ஒரு சொல் கூட நகரவில்லை. இதைவிட ஆதாரம் என்ன வேண்டும்? உங்களிடம் கோபமில்லை. ஆனால் தராசை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பேரீச்சம்பழம் புளித்துவிடும்.

ஷாக்கிர்

*

பெர்கன்,
5 ஏப்ரல் 1989

அன்புள்ள ஷாக்கிர் ஆசிரியருக்கு,

பெட்டி கிடைத்தது. ஏடு 212 பாக்தாத் அருங்காட்சியகத்தில் இருந்தாலும், அதைச் சுற்றியிருந்த தாளும் சீட்டும் இங்கேதான் இருக்கின்றன. சீட்டின் நகலை இணைத்திருக்கிறேன். உங்கள் கையெழுத்து, ஏடு கிடைத்த அதே நாள். ஆங்கிலத்தில் "மேலறை, தரைமேல்" என்று தெளிவாக எழுதியிருக்கிறீர்கள்.

இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். மேலடுக்கில் நாம் கண்டது ஒரே ஓர் அறை. அதன் தரையை நானே அளந்தேன். அது நிச்சயமாகப் பிந்தைய காலத்தது. கத்பான் அன்று சொன்னதும், நீங்கள் எழுதியதும், இன்று அவர் சொல்வதும் ஒன்றாகவே இருக்கின்றன. அது அவருக்கு எதிராகத்தான் நிற்கிறது. இயக்குநரின் பேச்சைச் சீட்டு உறுதி செய்துவிட்டது.

'இனாமுக்காக' என்ற சொல்லை எடுத்துவிடுகிறேன். அதற்கு மேல் என்னால் முடியாது. நவம்பரில் அச்சுக்குப் போகிறது. என்மேல் வருத்தப்படுங்கள், ஆனால் எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

டோர்டிஸ்

*

ஷத்ரா,
18 செப்டம்பர் 1989

அன்புச் சகோதரி டோர்டிஸ்,

எழுதாமல் இருந்துவிடாதீர்கள் என்றீர்கள். ஐந்து மாதம் எழுதாமல் இருந்தேன். வருத்தத்தால் இல்லை, காரணம் வேறு. பொறுமையாக வாசியுங்கள்.

சீட்டின் நகல் வந்ததும் முதலில் எனக்குச் சந்தோஷம். என்ன அழகான கையெழுத்து என்று உம்மு நவ்வாரிடம் காட்டினேன். பிறகு, தம்பியை அந்த இடத்துக்கே கூட்டிப்போய் நிறுத்திக் கேட்டு, உங்களுக்கு ஒரு படம் வரைந்து அனுப்பலாம் என்று தோன்றியது. அவன் வர மறுத்தான். "எனக்கு அங்க என்ன வேலை? என்னைத்தான் கழுவித் தொடச்சு அனுப்பிட்டாங்களே" என்றான். மே மாதத்தில் ஒருநாள் சூளை விடுமுறை. வண்டி ரிப்பேருக்குப் பணம் தருகிறேன் என்று சொல்லி அழைத்துப் போனேன்.

மேட்டின் நடுவில் நின்றோம். உங்கள் குழிகள் பாதி தூர்ந்திருக்கின்றன. முட்செடி முளைத்திருக்கிறது.

"எங்க அந்த மேலறை?" என்றேன், காகிதமும் பென்சிலுமாக.

அவன் கையை நீட்டினான். உச்சிக்கு அல்ல. வடக்கே, கராஃப் ஆறு வருகிற திசைக்கு, சரிவின் ஓரத்துக்கு. "அதோ. மேல."

"அது வடக்கு."

"ஆமா. மேல."

"தம்பி, மேலன்னா உயரத்துல…"

"ஆறு எங்கேர்ந்து வருது? மேலேர்ந்துதானே? பாஸ்ராவுக்குப் போனா கீழ போறோம், வடக்கே கூத் ஊருக்குப் போனா மேல போறோம். அறை ரெண்டு இருந்துச்சு. இந்தப் பக்கம் கீழறை, அந்தப் பக்கம் மேலறை. நாங்க அறுபது பேரும் அப்படித்தான் கூப்பிட்டோம். நீயும் அப்படித்தான் கூப்பிட்ட." என்னை ஏற இறங்கப் பார்த்தான். "வெயிலு தலைக்கேறிடுச்சா அண்ணே? மூஞ்சி ஏன் இப்படி ஆயிடுச்சு? ஒக்காரு. தண்ணி குடி."

உட்கார்ந்தேன். அவன் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன்.

ஆமாம். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். என் அம்மா, தங்கை, சந்தைக்காரர், படகோட்டி, எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம். ஆறு வரும் பக்கம் மேல், ஆறு போகும் பக்கம் கீழ். அது ஒரு வழக்கு என்றே எனக்குத் தோன்றியதில்லை, மூச்சு விடுவதைப்போல. அவன் மேலறை என்றான். எனக்கும் அது மேலறைதான். மேல் என்பதற்கு ஆங்கிலச் சொல் எனக்குத் தெரியும். எழுதினேன். அயல் ஊரான் ஒருவன் சீட்டு எழுதியிருந்தால், "மேலன்னா எங்கே?" என்று கேட்டிருப்பான். உள்ளூர்க்காரன் என்பதால்தான் நான் கேட்கவில்லை.

சொல்லை மொழிபெயர்க்காதே, பொருளை மொழிபெயர் என்று முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் எழுதியவன் நான்.

தம்பியிடம் அங்கே எதுவும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அவன் வண்டி ரிப்பேருக்குப் பணம் கொடுத்தேன். "இதென்ன புது தாராளம்" என்று வாங்கிக்கொண்டான்.

உங்கள் புத்தகத்தில் அந்த வரியை எடுத்துவிட்டு, தவறு சீட்டு எழுதியவருடையது என்று போடுங்கள். பெயர் போட்டே எழுதுங்கள்.

ஷாக்கிர் முத்லிக்

*

பெர்கன்,
30 அக்டோபர் 1989

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே வரைபடத்தை மேசையில் விரித்தேன். வடக்கு அறை, சரிவு தொடங்கும் இடம். மழை அரித்து அரித்து அங்கே மேலடுக்கே மிச்சமில்லை; ஒரு முழம் தோண்டினால் பழைய தரை. அந்தத் தரையும் ஏடு 212-ம் ஒரே காலம். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தன. எங்கள் எல்லோரையும்விட உங்கள் தம்பி துல்லியமாகச் சொல்லியிருக்கிறார்.

இதைக் கேட்டுச் சிரிப்பீர்கள். அந்த வடக்குக் கட்டடத்துக்குக் காலம் சொல்லும் பொருள் அந்த ஏடு ஒன்றுதான். அதை ஒதுக்கிவிட்டு, கட்டடம் இருநூறு ஆண்டு பிந்தியது என்று நான் முனைவர் பட்டம் வாங்கினேன். பதினொரு வருடமாக அதையே மாணவர்களுக்குச் சொல்லிவருகிறேன். அச்சை நிறுத்திவிட்டேன். நான்காம் அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதுகிறேன். நிலையத்தின் புதிய இயக்குநர் என்னோடு பேசுவதில்லை. அது நல்லதுதான், எழுத நேரம் கிடைக்கிறது.

உங்கள் பெயர் வேண்டாம் என்று நினைக்கிறேன். 'சீட்டு எழுதியதில் நேர்ந்த பிழை' என்றால் போதும். அது பொய்யில்லை. நீங்கள் அந்த ஊரில் வாழ வேண்டியவர். தெருவில் பாதிப் பேர் உங்கள் மாணவர்கள்.

ஆனால் கத்பானுக்கு நீங்கள் சொல்லிவிட வேண்டும். புத்தகம் முந்திக்கொள்ளக் கூடாது.

டோர்டிஸ்

*

ஷத்ரா,
9 மார்ச் 1990

அன்புச் சகோதரிக்கு,

சொல்லிவிட்டேன். ஜனவரி முதல் வெள்ளியன்று, தொழுகை முடிந்து வந்தபின், அவன் வீட்டு முற்றத்தில். ஒரு பாடத்தை விளக்குவதுபோல ஆரம்பித்தேன். "உதாரணத்துக்கு…" என்றேன்.

"உதாரணம் வேணாம்" என்றான். "என்ன விஷயமோ அதைச் சொல்லு."

சொன்னேன். அவன் பேரீச்ச மரத்தடியில் குந்தியிருந்து கேட்டான்.

"அப்ப நான் சொன்னது சரி."

"சரி."

"நீ எழுதினது தப்பு."

"தப்பு."

"மே மாசமே உனக்குத் தெரியும்."

எழுந்து போய் வண்டியைக் கிளப்பினான். வெள்ளிக்கிழமை சூளை கிடையாது, எங்கே போனானோ. அதற்குப் பிறகு நாற்பது நாள் என்னோடு பேசவில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். இருமினால் கேட்கும். விடுமுறைக்கு வந்த நிதால்தான் இங்கே சுட்ட ரொட்டியை அங்கேயும், அங்கே பொரித்த மீனை இங்கேயுமாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவளுக்கும் எல்லாம் சொல்லியாயிற்று. "பெரியப்பா, நீங்க எழுதினதை நாலு பேராசிரியர் படிச்சிருக்காங்க. ஒருத்தருக்குமா சந்தேகம் வரல?" என்று மட்டும் கேட்டாள்.

சென்ற மாதம் அவனே வந்தான். வாசலில் நின்றபடியே பேசினான்.

"என்கிட்ட சொன்னது பத்தாது. என்னை எங்க வச்சுத் தொரத்தினாங்க? அறுபது பேரு முன்னாடி. நீயும் அறுபது பேரு முன்னாடி சொல்லு."

அடுத்த வியாழன், எங்கள் குலத்தின் விருந்து மண்டபத்தில் கூடினோம். நீங்கள் ஒருமுறை வந்திருக்கிறீர்கள். நாணலால் வளைத்துக் கட்டியது. அறுபதுக்கு மேல் இருந்தார்கள். காப்பி சுற்றி வந்தபோது கத்பான் கோப்பையை வாங்கிக் குடிக்காமல் பாயில் வைத்தான். கேட்க வேண்டிய நியாயம் ஒன்று இருக்கிறது, அது தீராமல் குடிக்க மாட்டேன் என்று எங்களிடையே அதற்குப் பொருள். நான் எழுந்து நின்றேன். முன்வரிசையில் இருந்தவர்களில் பதினைந்து பேரையாவது நான் பெஞ்சின் மேல் நிற்க வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சொன்ன சொல், நான் எழுதிய சொல், அதனால் அவனுக்குப் போன பதினைந்து வருடம்.

பிறகு, உங்கள் குழியில் கூடை சுமந்தாரே கிழவர் லஃப்தா, அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "மேலன்னா வடக்கு! என் எருமைக்குக்கூடத் தெரியுமே! வாத்தியாருக்குத் தெரியலையா?" மண்டபமே வெடித்தது. "சார், இந்த மாதிரி மொழிபெயர்ப்புக்குத்தானே எனக்கு முட்டை போட்டீங்க!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். இன்னொருவன், "பெஞ்சு மேல ஏறுங்க சார்!" என்றான். நான் நின்றுகொண்டே இருந்தேன். முப்பத்தொரு வருடத்தில் ஒரு வகுப்பு என்னைப் பார்த்துச் சிரித்தது அதுவே முதல் தடவை.

கத்பான் சிரிக்கவில்லை. "போதும்" என்றான், சத்தம் போடாமல். "என் அண்ணன் இன்னும் நிக்கிறாரு." பாயிலிருந்து கோப்பையை எடுத்தான். ஆறிப்போன காப்பி. ஒரே மூச்சில் குடித்தான். அதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசை. அப்படி இல்லை. திரும்பும்போது அவன் எனக்கு நாலு அடி முன்னால் நடந்தான், பக்கத்தில் நடக்கவில்லை. ஆனால் மறுநாள் வந்து, "வர்தா என்ன எழுதப் போறா? படி" என்றான். 'சீட்டு எழுதியதில் நேர்ந்த பிழை' என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன்.

"யாரு சீட்டு?"

"பேரு போடல. எனக்குச் சங்கடம் வேணாம்னு நெனைக்கிறா."

"என் பேரைப் போட்டுத்தானே எழுதி வச்சாங்க? அப்ப யாரும் சங்கடம் பாக்கலையே."

அவன் சொல்வது நியாயம். நான் முதலில் கேட்டதும் அதுதான். உங்கள் அன்பில் கொஞ்சம் சாய்ந்துவிட்டேன். பிறகு அவன் இன்னொன்றும் கேட்டான். "அவ பேரு? பக்கத்துல நின்னு பதிஞ்சவ அவதானே?" உங்களுக்கு அதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் தவித்தேன். பழைய சிநேகிதத்தில் இப்படிக் கேட்பது முறையா என்று தெரியவில்லை. ஆனால் மறுபடியும் ஒருமுறை, அவன் சொன்னதை நான் மாற்றி எழுத விரும்பவில்லை.

எனவே அடிக்குறிப்பு ஒன்று எழுதியிருக்கிறேன். கத்பானிடம் படித்துக் காட்டினேன், சரி என்றான்.

"ஏடு 212 வடக்கு அறையில், தரைமேல், கத்பான் முத்லிக் கண்டெடுத்தது. கிடைத்த இடத்தைப் பற்றி அவர் சொன்னது சரி. அதைத் தவறாக எழுதியவர் அவருடைய அண்ணன் ஷாக்கிர் முத்லிக். கேட்காமல் பதிந்தவர் டோர்டிஸ் ஹௌகே."

சம்மதமென்றால் எழுதுங்கள். சம்மதமில்லை என்றாலும் எழுதுங்கள். நமக்குள் அதனால் ஒன்றும் குறையாது என்று சொல்ல நினைக்கிறேன். சொல்ல முடியவில்லை. குறையும்.

உங்கள் சகோதரன்,
ஷாக்கிர்

*

பெர்கன்,
2 ஏப்ரல் 1990

அன்புள்ள ஷாக்கிர் ஆசிரியருக்கும் கத்பான் அவர்களுக்கும்,

புத்தகம் இன்று காலை அச்சுக்குப் போனது. 318-ஆம் பக்கத்தில் உங்கள் அடிக்குறிப்பு இருக்கிறது. புதிய இயக்குநர் இதெல்லாம் ஆய்வு நூலுக்குத் தேவையா என்று கேட்டார். அடுக்கு எண் எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவை என்றேன். நிதாலின் பெயருக்கு ஒரு பிரதி தனியாக வரும்.

நீங்கள் எழுதியதில் ஒரே ஒரு சேர்க்கை செய்திருக்கிறேன். ஆசிரியரைக் கேட்காமல் கைவைத்ததற்கு மன்னிக்க வேண்டும். கத்பானுக்குப் படித்துக் காட்டுங்கள்.

கடைசி வாக்கியம் இப்போது இப்படி முடிகிறது: "கேட்காமல் பதிந்து, கத்பானை வேலையை விட்டு அனுப்பியபோது பேசாமல் நின்றவர் டோர்டிஸ் ஹௌகே."

டோர்டிஸ்